டாக்டர் ஆகலைன்னா என்ன, தாயி?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் எங்களுக்குப் பக்கத்து டவுன்கள். மேற்கே திரும்பினால் மலை தெரியும் வன்னியம்பட்டி. அண்ணன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மதினி ஒரு நோட்டீஸை என் கையில் திணித்தார்.

"நீ பத்திரிகையில எழுதுறவ. இதைப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும்."

வழவழப்பான தாள். வெள்ளை உடுப்பில் சிரிக்கும் ஒரு பெண். ‘ஒரே வருடத்தில் நர்சிங். வேலை உறுதி.’ கீழே இரண்டு செல்போன் எண்கள். எந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

அண்ணன் மகள் பிளஸ் டூவில் உயிரியல் குரூப். நல்ல மார்க்தான். ஆனால் நீட் மதிப்பெண் டாக்டர் சீட்டுக்குப் போதவில்லை. அன்றிலிருந்து வீடு துக்க வீடு மாதிரி இருக்கிறதாம். "டாக்டர் இல்லேன்னா நர்ஸ். வேற என்ன இருக்கு?" என்பது மதினியின் கணக்கு.

மதினி காப்பி போட அடுப்படிக்குப் போனதும், அதுவரை வாயே திறக்காத பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்கு ரத்தத்தைப் பார்த்தா தலை சுத்தும். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வாரப் பத்தி முழுவதும். மருத்துவத்துறை என்றால் நம் வீடுகளில் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்று டாக்டர். அது கிடைக்காவிட்டால் நர்ஸ். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

மதினிக்கே தெரியாத விஷயம்

மதினியிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: "நீங்களே இருபது வருஷமா மருத்துவத்துறையிலதான் வேலை பார்க்குறீங்க மதினி."

அவர் சிரித்தார். தினமும் கம்பெனி வேனில் ஏறிப் போய், காயத்துக்குக் கட்டும் துணியை வெட்டிச் சுருட்டிக் கட்டு போடுகிறவர் அவர். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி வட்டாரம் இந்தப் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. விசைத்தறியில் கொசுவலை மாதிரி இடைவெளி விட்டு நெய்து, வெளுத்து, அளவாக வெட்டி அனுப்புகிறார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கும் போகிறது, கடல் தாண்டியும் போகிறது.

அந்தத் துணி சரியாக வெளுக்கப்படாவிட்டால் ரத்தத்தை உறிஞ்சாது. நூல் பிசிறு விட்டால் புண்ணுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கோ ஓர் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டர் கையை நீட்டும்போது அந்தத் துணி நம்பகமாக இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையின் ஒரு முனை மதினியின் கையில் இருக்கிறது.

மருத்துவத்துறை இப்படித்தான் நீள்கிறது. டாக்டர் அதில் முக்கியமான ஆள். ஆனால் ஒரே ஆள் இல்லை.

ஒரு விபத்து, எத்தனை கைகள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராத்திரி எட்டு மணி. நெடுஞ்சாலையில் பைக்கில் வந்த ஒருவர் விழுந்துவிட்டார். யாரோ 108-க்குப் போன் செய்கிறார்.

அந்தப் போனை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். பதறிப் பேசுகிறவரிடம் இடத்தை விசாரித்து, பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்புவது அவர் வேலை. வண்டி ஓட்டுகிறவரை அவர்கள் ‘பைலட்’ என்றுதான் அழைக்கிறார்கள். கூடவே வருபவர் அவசர மருத்துவ உதவியாளர். கழுத்தை அசையாமல் பிடிப்பது, ரத்தத்தை நிறுத்துவது, மூச்சு சீராகப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2008-ல் தமிழ்நாட்டில் 108 வந்ததற்கு அப்புறம்தான் இப்படி ஒரு வேலையே நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிற்பவர் ஒருவர். உள்ளே டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ். எலும்பு முறிந்ததா என்று படம் எடுக்க ரேடியோகிராபர். ரத்த வகை பார்க்க லேப் டெக்னீசியன். ரத்த வங்கியில் இன்னொருவர். மருந்து எடுத்துக் கொடுக்க பார்மசிஸ்ட், நம் தாத்தாக்கள் ‘கம்பவுண்டர்’ என்று சொன்ன அதே ஆள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர், அவருக்குத் துணையாக அனஸ்தீசியா டெக்னீசியன், கருவிகளை வரிசையாக எடுத்துவைக்கத் தியேட்டர் டெக்னீசியன். அந்தக் கருவிகளை முன்கூட்டியே நீராவியில் கிருமி நீக்கி வைக்கத் தனியாக ஒரு பிரிவு. அங்கே இருக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்ள பயோமெடிக்கல் இன்ஜினீயர்.

இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பெயர் ஏற்றுவது, காப்பீட்டு அட்டையைச் சரிபார்ப்பது, கேஸ் ஷீட்டைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. இவர்களில் ஒருவருக்கும் ரத்தத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாம் முடிந்தபின் ரத்தம் தோய்ந்த பேண்டேஜ் துணி மஞ்சள் பைக்குள் போகிறது. ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, பிளாஸ்டிக் குழாய் சிவப்புப் பைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் நிறங்கள் இவை. பை மாறினால் ஊசி குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்தான். மூன்று மாதம் கழித்து அந்த பைக்காரரை மறுபடி நடக்க வைப்பவர் பிசியோதெரபிஸ்ட்.

எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதர் பிழைத்து வீட்டுக்கு வர இருபது பேருக்குக் குறையாது.

மதுரையில் ஒரு கண்ணாஸ்பத்திரி

"அதெல்லாம் சரித்தா. ஆனா டாக்டருக்குக் கீழதானே எல்லாம்?" என்றார் மதினி.

அவருக்கு நான் மதுரைக் கதையைச் சொன்னேன். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்றபின் 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண்ணாஸ்பத்திரி ஆரம்பித்தார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. மூட்டுவாத நோயால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கையோடுதான் ஆயிரக்கணக்கில் கண்புரை அறுவை செய்தார்.

நாட்டில் பார்வை இழப்பவர்கள் லட்சக்கணக்கில், கண் டாக்டர்கள் கொஞ்சமே. அந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பது? டாக்டரால் மட்டுமே முடிந்ததை டாக்டர் செய்யட்டும், மீதி அத்தனையையும் பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும் என்று முடிவெடுத்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தந்தார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது, பயந்த பாட்டிக்குத் தைரியம் சொல்வது எல்லாம் அந்தப் பெண்களின் கையில். ஒரு டாக்டர் ஓர் அறுவையை முடித்துத் திரும்பினால் அடுத்தவர் தயாராக இருப்பார். அதனால்தான் அத்தனை பேருக்கு, அதிலும் பெரும்பகுதிப் பேருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ அறுவை செய்ய முடிந்தது. 1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த ஆஸ்பத்திரியைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதியது.

அந்தப் பாடத்தின் உயிர்நாடி யார்? நம் பக்கத்து ஊர்களில் பிளஸ் டூ படித்த பெண்கள். அவர்கள் டாக்டராக முடியாமல் போனவர்கள் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அங்கே டாக்டரால் இத்தனை வேலை செய்ய முடியாது.

என்ன படிக்கலாம், எத்தனை வருடம்?

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக ஒரு சுருக்கமான வரைபடம் தருகிறேன்.

நர்சிங்: ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நீங்கள் நர்ஸ்.

பார்மசி: டி.பார்ம். இரண்டு வருடம், அதோடு 500 மணி நேர நேரடிப் பயிற்சி. பி.பார்ம். நான்கு வருடம். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி கவுன்சிலில் பதிவு வேண்டும். மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, மருந்துத் தொழிற்சாலை என மூன்று பக்கமும் கதவு திறக்கும்.

பரிசோதனையும் படமும்: லேப் டெக்னீசியன், ரேடியோகிராபர், இ.சி.ஜி., எக்கோ எடுக்கும் கார்டியாக் டெக்னீசியன். டிப்ளமோவும் உண்டு, பட்டமும் உண்டு. எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பார், கவனித்திருக்கிறீர்களா? அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று அளப்பது அது. வேலைக்குச் சேரும் இடத்தில் அந்த பேட்ஜ் தருகிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

இயந்திரத்தோடு நோயாளி: டயாலிசிஸ் டெக்னீசியன், அனஸ்தீசியா மற்றும் தியேட்டர் டெக்னீசியன், தீவிர சிகிச்சை டெக்னீசியன். டயாலிசிஸுக்கு வருபவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் இருப்பார். வருடக்கணக்கில் வருவார். அந்த டெக்னீசியன் கொஞ்ச நாளில் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்.

பழைய நிலைக்குக் கொண்டுவருவது: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, காது கேட்காத, பேச்சு வராத குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி, பார்வை அளக்கும் ஆப்டோமெட்ரி. இவை பெரும்பாலும் நான்கு வருடத்துக்குக் குறையாத பட்டப்படிப்புகள்.

எழுத்தும் கணக்கும்: மருத்துவ ஆவணம், காப்பீட்டுப் பிரிவு, ஆஸ்பத்திரி நிர்வாகம். கம்ப்யூட்டர் கைவந்த பிள்ளைகளுக்கு ஏற்றது.

நோய் வராமல் தடுப்பது: கொசு, குடிநீர், தடுப்பூசி பார்க்கும் சுகாதார ஆய்வாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர். இந்தியாவிலேயே முதன்முதலில் 1939-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது மதராஸ் மாகாணம். அந்தப் பாரம்பரியத்தில் வருகிற வேலைகள் இவை. காய்ச்சல் பரவும் சீசனில் வீடு வீடாக வந்து தொட்டித் தண்ணீரில் புழு பார்க்கிறவர்களை வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

அரசு, தனியார் கல்லூரிகளில் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வைத் தமிழக அரசின் மருத்துவக் கல்வித்துறைத் தேர்வுக் குழு நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் இதுவரை அடிப்படை. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால், விண்ணப்பிக்கிற வருடத்தின் விளக்கக் கையேட்டை முழுசாகப் படியுங்கள். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. பெரிய சிகிச்சை என்றாலே மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்த மாவட்டம் இது. கல்லூரி வந்தால் டாக்டர்கள் மட்டும் வருவதில்லை. இந்த வேலைகளும் கூடவே வரும்.

பணத்துக்கு: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு ‘புதுமைப்பெண்’, பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’. மேற்படிப்புக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். டிப்ளமோ படித்தாலும் உண்டு.

அந்த நோட்டீஸுக்கு ஒரு போன்

இப்போது நோட்டீஸுக்கு வருவோம்.

பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் பெரியம்மா பேத்தி ஒருத்தி இதேபோல ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தாள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். கலர் கலராகச் சான்றிதழ் தந்தார்கள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனபின் அங்கே வேலை கேட்டபோது, "கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் சொல்லும்மா" என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம் படிக்கக் கையில் குழந்தை. இன்று அவள் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஊசி போடும் நேர்த்தி அவள் கையில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை.

மதினிக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் காரணம் தெரியாது. நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

"படிச்சு முடிச்சா எந்தக் கவுன்சில்ல பதிவு பண்ணலாம் சார்?"

"மேடம், வேலையே நாங்க வாங்கித் தர்றோம். கவுன்சில் எதுக்கு?"

மதினி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருடப் படிப்பு எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே டயாலிசிஸ், தியேட்டர் டெக்னீசியன் போன்ற ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகள் நடந்து வந்திருக்கின்றன. ஆனால் அதைப் படித்தவர் டெக்னீசியன்தான், நர்ஸ் இல்லை. எதைப் படிக்கிறோம், அது முடிந்தால் நம்மை என்ன பெயரில் அழைக்கச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்பதே கேள்வி.

லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற வேலைகளுக்கு நீண்ட காலமாக நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லாமல் இருந்தது. 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் அதை மாற்றியது. பத்துப் பிரிவுகளில் 56 தொழில்களை அது பட்டியலிடுகிறது. இணை மருத்துவப் பணியாளர் ஆக, இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள் குறைந்தது 2000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். சுகாதாரத் தொழில் வல்லுநர் என்றால் மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் 3600 மணி நேரம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு இனி வரும் காலத்தில் கதவு குறுகிக்கொண்டே போகும்.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகமோ அரசு வாரியமோ சான்றிதழ் தருகிறது? முடித்ததும் எந்தக் கவுன்சிலில் பதிவு? நேரடிப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம்? பதிலை அவர்கள் வாயால் சொன்னால் போதாது. அந்தந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. கையில் இருக்கும் போனிலேயே பார்த்துவிடலாம். அட்வான்ஸ் நாளைக்கே கட்டச் சொன்னால், நாளை மறுநாள் வரை கட்டாதீர்கள்.

ஒரு சின்னத் தப்பு

படிப்பை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. 2018 டிசம்பரில் நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. நாடே அதிர்ந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், இழப்பீடு கொடுக்க உத்தரவானது.

தப்பு நடந்தது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. பரிசோதனை மேசையில். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு அறையில், ஒருவர் ஒரு பரிசோதனையைச் சரியாகச் செய்து சரியாக எழுதினால் ஒரு குடும்பம் தப்பிக்கும். விட்டால் அதை எந்த டாக்டராலும் திருப்பி எடுக்க முடியாது. லேப் வேலையைச் ‘சின்ன வேலை’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும்

எல்லாம் பாலும் தேனும் என்று சொன்னால் நானும் நோட்டீஸ்காரி ஆகிவிடுவேன். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. ராத்திரி ஷிஃப்ட் உண்டு. தீபாவளி, பொங்கல் அன்றும் டியூட்டி உண்டு. அரசு வேலைக்கு 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கும் எல்லாம் எளிதில்லை. தேர்வில் வென்று ஒப்பந்த அடிப்படையில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

வேலைக்குச் சேருமுன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். பணி நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேராதீர்கள். வெளிநாடு போக ஆசை என்றால், 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரியுங்கள். தெருமுனை ஏஜென்ட் அப்புறம்.

‘எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பார்த்துக்குமாமே?’ என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் முதுகு வலியால் படுக்க முடியாத தாத்தாவைப் பேச்சுக் கொடுத்துத் திருப்பிப் படுக்க வைக்க மென்பொருளால் ஆகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பிசியோதெரபி தருகிறார்கள். நம் ஊர்களில் பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாக. இந்த வேலைகளுக்குத் தேவை கூடத்தான் செய்யும்.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் பெண்

மறுநாள் அட்வான்ஸ் கட்டப் போகவில்லை. அதற்குப் பதில், தெரிந்த ஒருவர் ரேடியோகிராபராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் மகளைக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு மணி நேரம், கண் பரிசோதிக்கும் இடத்தில் ஒரு மணி நேரம், மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். ‘வேடிக்கை பார், போதும்’ என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். கல்லூரியில் சேருமுன் ஒரு நாள் போய் அந்த வேலையைப் பார்க்கட்டும். ஷிஃப்ட் எத்தனை மணி, நிற்க வேண்டுமா உட்காரலாமா, ரத்தமா கம்ப்யூட்டரா, பேச வேண்டுமா பேசாமல் இருக்கலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ரத்தம் பார்த்துத் தலை சுற்றுவது பலருக்குப் பழகப் பழகச் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "அத்தை, அந்தப் பாட்டிக்குக் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுனாங்கல்ல... ஒரு கண்ணாடி போட்டதும் பாட்டி சிரிச்சாங்க. பார்த்தீங்களா?"

பார்த்தேன் தாயி.

வீட்டுக்கு வந்ததும் அவளே மதினியிடம் சொன்னாள். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்பதை. மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? உங்கம்மா என்ன சிங்கமா, புலியா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கண்ணாடிப் படிப்புக்குப் பேரு என்னத்தா சொன்ன?"

"ஆப்டோமெட்ரி மதினி."

"அதுக்குக் கவுன்சில் இருக்கா?"

கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஆப்டோமெட்ரியும் ரேடியோகிராபியும் முதல் இரண்டு விருப்பங்களாகப் போகின்றன. எது கிடைக்கிறது என்று அப்புறம் சொல்கிறேன். நோட்டீஸ் மட்டும் இன்னும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் மதினி அதில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் எழுதி வைத்திருக்கிறார். எதிர்வீட்டுப் பையனுக்கும் இந்த வருடம்தான் பிளஸ் டூ.

அடுத்த வாரம் சந்திப்போம்.